பாய்ச்சலுக்கு எவ்வளவு ஓட்டம்?

பள்ளிக்கூட மைதானத்தில் நீளம் பாய்தல் பழக்குகிற ஆசிரியர் முதலில் கவனிப்பது ஓட்டத்தூரத்தைத்தான். குறைந்தால் வேகம் வராது. கூடினால் மிதிபலகைக்கு வருமுன்னே கால் களைத்துவிடும். சிரஞ்சீவி அனுமனின் பிறப்பையும் பிள்ளைப் பருவத்தையும் திரும்பிப் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களை இந்தக் கணக்கில் அளந்தால், யார் பாய்ந்தார், யார் ஓடியே களைத்தார் என்பது தெரிந்துவிடும்.

பாய்ந்தவர், அனுமனாக நடித்த மல்லர் தாரா சிங். ராமானந்த சாகரின் ‘ராமாயண்’ தூரதர்சனில் 1987 ஜனவரி 25 அன்று தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை வரை, 78 பகுதிகளாக ஓடியது. 1928இல் பிறந்த தாரா சிங்குக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் வானரங்கள் செய்வதறியாது இருக்க, சாம்பவான் வந்து அனுமனுக்கு அவனுடைய பலத்தை நினைவூட்டும் கட்டம்தான் அவருக்கான பரீட்சை. குரங்கு முக ஒப்பனை வாயையும் கன்னத்தையும் மூடிவிட்டது. மிஞ்சியவை கண், குரல், கழுத்து, தோள். முகத்தை நம்பிய நடிகராக இருந்தால் அந்த இடத்தில் தொலைந்திருப்பார். மல்லனுக்கு முகம் எதற்கு? குந்தியிருந்த உடம்பு நிமிர்கிறதே, அதிலேயே கதை முழுதும் வந்துவிடுகிறது.

பாய்கிறவனுக்கு மெலிந்த உடம்பு வேண்டும் என்பது மைதானத்துச் சட்டம். பெரியவிளானில் பிறந்து, 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கத்தின் பழைய படங்களைப் பார்த்தால் விளங்கும்: எலும்பும் நரம்புமாக ஒரு நெடிய உருவம். சாகர் நேரெதிரான உடம்பைத் தெரிந்தெடுத்தார். அதற்கு நியாயம் உண்டு. வடஇந்திய மல்யுத்தக் கூடங்களின் இட்டதெய்வமே அனுமன்தான். தாரா சிங்கும் 1976இலேயே ‘பஜ்ரங்பலி’ படத்தில் அந்த வேடம் கட்டிப் பார்த்தவர். தவிர, பாயுமுன் அனுமன் காலை ஊன்ற, மகேந்திர மலையே நசுங்குகிறது. பூ உதிர்கிறது, பாறையிலிருந்து நீர் பீறிடுகிறது, புற்றுப் பாம்புகள் வெளியே வந்து கல்லைக் கடிக்கின்றன. வால்மீகி அங்கே வேகத்தைவிடப் பாரத்தைத்தான் விரித்துச் சொல்கிறார். அந்தப் பாரத்தை மெலிந்த நடிகர் எவர் தந்திருக்க முடியும்? 1968இல் பம்பாயில் மல்லர் லூ தெஸ்ஸை விழுத்திய ஆள் காலை ஊன்றினால், மலை நசுங்கும் என்று சின்னப்பிள்ளையும் நம்பும்.

யாழ்ப்பாணத்துக்கு அவர் பெயர் புதிதல்ல. தாரா சிங் பெயரெடுத்த முதல் களங்கள் சிங்கப்பூரும் மலாயாவும். மலாயா பென்சன்காரர் இல்லாத ஊர் குடாநாட்டில் அப்போது அரிது. கிங்கொங் என்ற மல்லரோடு அவர் பொருதிய கதைகள் இராமாயணத்துக்கு முன்னரே இங்கு வந்து சேர்ந்திருக்கும்.

தொடர் ஓடிய அதே 1987இல், ஜூன் 4ஆம் திகதி, இந்திய விமானங்கள் அனுமன் பாய்ந்த அதே கடலைக் கடந்து வந்து குடாநாட்டின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. ஒக்டோபரில் இந்தியப் படையோடு சண்டை மூண்டது. உயர்ந்த அன்ரனாவில் தூரதர்சன் அலை பிடித்துப் பழகிய ஊர்கள், அந்த மாதங்களில் மின்சாரத்தையே காணவில்லை.

சாகாவரம் பெற்றவனை வைத்துத் தொடர் எடுப்பதில் ஒரு பெரிய சிக்கல், தோல்விக்கு இடமே இல்லாதது. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பியபோது, 51 மணித்தியாலமும் கரையில் நின்றவர்களுக்கு நெஞ்சு பதைத்தது. அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டவர். அந்தப் பதைப்பு பொய்யல்ல. அனுமனுக்கு அது கிடையாது. இதிகாசம் கண்ட வழி, தன் பலம் தனக்கே தெரியாது என்ற முனிவர் சாபம். வெல்வானா என்ற கேள்வி அதோடு போய், எப்போது நினைவு வரும் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

வால்மீகி இந்த நினைவூட்டலை ஒரே சருக்கத்தில் முடிக்கிறார்: அஞ்சனை, வாயு, பழமென்று சூரியனை நோக்கித் தாவிய குழந்தை, இந்திரனின் வச்சிரம் பட்டு உடைந்த தாடை, தேவர் தந்த வரம். அவ்வளவுதான், அடுத்து மலை. கம்பனின் சாம்பவான் பிறப்புக் கதையில் நிற்பதைவிட ஆளின் குணத்தை அடுக்குகிறான்: நீதியில் நிற்பவன், பேராற்றல் இருந்தும் அடங்கத் தெரிந்தவன். நல்ல பயிற்றுநர் போட்டிக்கு முன் பேசுவதும் இப்படித்தான்.

பின்னால் வந்தவர்களுக்கு இந்த அளவு பிடிபடவில்லை. 1997இல் தொடங்கிய சஞ்சய் கானின் ‘ஜெய் ஹனுமான்’ ஆனாலும், 2015இல் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிய ‘சங்கட் மோசன் மகாபலி ஹனுமான்’ ஆனாலும், பிறப்பையும் பாலலீலையையும் இழுத்து இழுத்துக் காட்டின. பிந்தியதில் குழந்தை அனுமனாக வந்த இஷாந்த் பானுஷாலி சுட்டிப் பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் ஒரு அசுரனை விழுத்திக்கொண்டிருக்கும் பிள்ளை பிறகு பலத்தை மறந்தால் என்ன, மறக்காவிட்டால் என்ன? பார்ப்பவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறதே! மருதனார்மடத்தில் கே.கே.எஸ். வீதியால் போகிறவர்களை அண்ணாந்து பார்க்கவைக்கும் ஆஞ்சநேயர் சிலைக்கு முன்கதை ஏதும் தேவைப்படவில்லை.

தாரா சிங்கின் மிக நுட்பமான ஆட்டம் ஒருவேளை ‘ராமாயண்’ தொடரிலும் இல்லை. 1988இல் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’தில் அவர் கிழக்குரங்காக வழியில் கிடப்பார், பீமன் வந்து வாலைத் தூக்கப் பார்ப்பான். பீமனாக நடித்த பிரவீன் குமார், 1966, 1970 ஆசிய விளையாட்டு விழாக்களில் பரிதிவட்டம் எறிந்து தங்கம் வென்றவர். இருவரும் மெய்யான பலசாலிகள், கதைப்படி வாயுவின் பிள்ளைகள். எறிகிறவர் மூச்சுப்பிடிக்கிறார், மல்லர் கிடந்த இடத்திலேயே கிடக்கிறார். வால் அசையவே இல்லை.