கயிறும் கொடியும்

1990இல் இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்து, மண்டபம் அகதி முகாமில் பதிந்து, சில மாதம் கழித்துச் சென்னையில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க, தாலி எங்க? வெறும் செயினா போட்டிருக்கீங்க?" அம்மா சேலைத் தலைப்பை விலக்கி, பொற்கொடியின் நுனியில் கிடந்த தாலியை எடுத்துக் காட்டினார். அக்கா அதைக் கையில் ஏந்தி எடை பார்த்து, கண்ணை அகல விரித்தார். அன்றிரவு அம்மா என்னிடம் மெல்லச் சொன்னார்: "பாவம் பிள்ளை, அந்த மனிசிக்குக் கொடி செய்ய வசதி வரேல்லைப் போல. மஞ்சள் கயித்தோடையே இருக்கிறா." அந்த அக்காவின் பீரோவில் முப்பது பவுனுக்கு மேல் இருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருவரும் தாலி என்றே சொன்னார்கள். ஆனால் அம்மா கொடியின் கனத்தைத் தேடினார், அக்கா கயிற்றின் மஞ்சளைத் தேடினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த இரண்டு பார்வைகளையும் சேர்த்தே நான் பழைய நகைகளைப் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் மங்கலம் கயிற்றில் இருக்கிறது. மஞ்சள் பூசிய நூல், மூன்று முடிச்சு. கடைசி முடிச்சை நாத்தனார் போடும் வழக்கமும் உண்டு. அதில் கோத்த பொன் பெரும்பாலும் சிறிதுதான். பின்னாளில் ஒரு நல்ல நாளில் தாலி பிரித்துக் கோர்ப்பார்கள். குண்டு, பவழம், லட்சுமி காசு சேரும். வசதியுள்ளவர்கள் பொன் சரடுக்கு மாறுவார்கள். கயிறு நைந்துபோகும், ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் புதிது மாற்றுவார்கள். மாறாமல் நிற்பது தாலியின் வடிவம். பொட்டுத்தாலி, சிறுதாலி, பெருந்தாலி, நாமம் பொறித்த தாலி, கத்தோலிக்கர் வீட்டில் சிலுவைத் தாலி என்று, வடிவத்தைப் பார்த்தே ஒருவரின் குலத்தையும் சமயத்தையும் சொல்லிவிடுவார்கள். சாதியைக் கழுத்தில் எழுதி வைப்பது போன்ற இந்தக் கணக்கு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் பழைய வடிவங்கள் இவ்வளவு பிசகாமல் நம் கைக்கு வந்ததற்கு அதுவும் காரணம் என்பதை மறுக்க முடியவில்லை.

நகரத்தாரின் திருமண அணியான கழுத்துரு, இப்படி வடிவம் காத்த வழக்கத்தின் உச்சம். ஏத்தனம், துவாளை, சரிமணி, கடைமணி என்று ஒவ்வொரு உருப்படிக்கும் பெயருண்டு. முப்பதுக்கு மேற்பட்ட உருப்படிகள். அத்தனையும் நூலில்தான் கோக்கப்படுகின்றன. கலியாணத்தன்று அணிவார்கள், கணவனின் அறுபதாம் கலியாணத்தில் மறுபடி அணிவார்கள். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள். தேயவும் இல்லை, அடிக்கடி மாற்றவும் இல்லை. அதனால்தான் தலைமுறை தாண்டிய கழுத்துருக்கள் இன்னும் செட்டிநாட்டு வீடுகளில் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் கயிற்றுக்குப் பெரிதாக இடமில்லை. (மலையகத் தமிழரிடம் மஞ்சள் கயிறு உண்டு; அது அவர்களோடு தமிழ்நாட்டிலிருந்து வந்தது.) கலியாணத்துக்குச் சில நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, பத்தர் அடுப்பை மூட்டி, உறவினர் முன்னிலையில் ஒரு பொன் நாணயத்தை உருக்குவார். உருகிய பொன் திரண்டு வந்ததும் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார்கள். அன்றே கன்னிக்காலும் ஊன்றுவார்கள். அதற்குப் பிறகு மணவறை வரைக்கும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. அந்தப் பொன்னில் தாலி. அதைத் தாங்கத் தடித்த பொற்கொடி. கொடியின் எடை ஒற்றை எண்ணில்தான் வர வேண்டும்: 7, 9, 11, 15, 21 பவுண். முடிச்சுக்குப் பதிலாகத் திருகுச் சுரை. 'தாலி கட்டுதல்' என்ற சொல் மட்டும் பழைய கயிற்றின் நினைவாக எஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இவ்வளவு பொன்னை ஏன் கழுத்திலேயே ஏற்றினார்கள்? பெருமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதற்கு மேலும் ஒன்று தெரிகிறது. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்தார். தேசவழமை என்று நாம் சொல்வது அதைத்தான். முதுசம் (வழிவழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணத்துக்குப் பின் தேடியது) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கும் சட்டம் அது. சீதனமாகக் காணி பெண்ணின் பேருக்கே வரும். ஆனால் 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவள் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அசையும் பொருளுக்கு அது வேண்டாம். காணியின் உறுதிப் பத்திரம் அவள் பெட்டகத்தில் இருந்தாலும் கையெழுத்து இன்னொருவருடையது. பொன்னுக்கு அந்தத் தடை இல்லை. ஆபத்து வந்தால் காப்பு முதலில் போகும், அடுத்து அட்டியல் போகும். கொடி கடைசியில்தான்.

தமிழ்நாட்டில் விவாதம் வேறு திசையில் போனது. தாலி தேவையா என்ற கேள்வியையே பெரியாரின் சுயமரியாதை இயக்கம் மேடையில் வைத்தது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டம் திருத்தப்பட்டு, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ மணம் செல்லும் என்றானது. யாழ்ப்பாணத்தில் தாலி வேண்டுமா என்று எங்கள் வீட்டில் எவரும் கேட்டு நான் அறியேன். எத்தனை பவுண் என்பதே பேச்சாக இருந்தது.

அந்தப் பவுண் என்ற சொல்லே இரு கரைக்கும் பொதுவான கடன். 1817 முதல் அச்சான ஆங்கிலேயரின் சவரன் நாணயம், 22 காரட், எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அங்கே பவுண் என்றும் இங்கே பவுன், சவரன் என்றும் அது நம் எடைக்கல்லாகிவிட்டது. அதற்கு முன் கழஞ்சும் மஞ்சாடியும்.

கண்டிச் சிங்கள மணப்பெண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து இடை வரை அடுக்கடுக்காகத் தொங்கும் மாலைகளின் பதக்கத்தைச் சிங்களத்திலும் 'பதக்கம' என்பார்கள். நெற்றிப் பட்டத்தின் இரு பக்கமும் சூரியன், சந்திரன். நம் பரதநாட்டிய நங்கையின் தலையிலும் அதே இரண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்கர்கள் என்பதை நினைத்தால் இது வியப்பில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய நூலில் சிங்களப் பொற்கொல்லரின் வேலையையும் பதிவு செய்தார். யாழ்ப்பாணத்துத் தட்டாருக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்ற வருத்தம் எனக்குண்டு.

பழைய நகைக்குப் பெரிய பகை உருக்கும் அடுப்புத்தான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜனும் குந்தவையும் கொடுத்த நகைகளின் எடையும் முத்துக்களின் எண்ணிக்கையும் பொறித்திருக்கின்றன. முத்தின் குறைகள்கூட எழுதியிருக்கின்றன. கல் இருக்கிறது, நகை இல்லை. நம் காலத்தில் இந்தியாவில் 1963இன் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றதும், 22 காரட்டில் பழகிய ஆசாரிகளின் கை முடங்கியது. பலர் வேறு வேலைக்குப் போனார்கள். 14 காரட் வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தது; ஆனால் தங்கக் கட்டுப்பாடு 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல்தான் நீங்கியது. இப்போது கடைகளில் 'ஆன்டிக்' என்று தனிப் பிரிவே இருக்கிறது. மங்கலான பூச்சோடு, கெம்புக்கல் பதித்து, போன மாதம் செய்த நகை. அதை வாங்கப் பாட்டியின் நகையைக் கொடுத்து மாற்றுகிறார்கள். சேதாரம் கழித்து, பழையது அன்றே உலைக்குப் போகிறது. எனக்கு இதைப் பார்க்கப் பதைக்கிறது.

போன வருடம் அம்மாவோடு தியாகராய நகரில் ஒரு கடைக்குப் போனேன். சுரை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். 11 பவுணாக வந்த கொடி இப்போது நான்குக்கும் குறைவு. முதல் துண்டு படகுக் கூலிக்கு வெட்டியது. அடுத்தது அண்ணனை வெளிநாடு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டியது. மூன்றாவது என் கல்லூரிக் கட்டணம். ஒவ்வொரு முறையும் வெட்டிய இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருக்கிறது. கடைப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: "அம்மா, மெஷின்ல வெச்சா இந்த மூணு இடத்துலயும் மாத்து குறைவாக் காட்டுது. குடுத்துட்டுப் புதுசா ஆன்டிக்ல எடுத்துக்கலாமே."

அம்மா கொடியை வாங்கி, அந்த மூன்று பற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். "சுரையை மட்டும் மாத்தித் தாங்கோ, தம்பி" என்றார்.