நம் கதைகளில் நோயாளிப் பெண்

மனைவியை அடிக்கும் கணவன் நம் சிறுகதைகளுக்குப் புதியவன் அல்லன். தோட்டத்துக் கதையென்றால் குடித்துவிட்டு லயத்துக்கு வந்து சோற்றுச் சட்டியை உதைப்பான். முஸ்லிம் குடும்பக் கதையில் குடி இராது. கைக்கூலிப் பாக்கியோ சந்தேகமோ இருக்கும். இரண்டிலும் கன்னம் வீங்குகிறது, அடுத்த பந்தியில் வீக்கம் வற்றிவிடுகிறது. பிறகு தலாக், அல்லது தாய்வீடு, அல்லது அவன் மனந்திருந்துகிறான். அடிவாங்கிய உடம்பு பின்னர் என்னவாயிற்று என்று கதாசிரியர் திரும்பிப் பார்ப்பதில்லை.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இங்கே வேறுபடுகிறது. அந்நாவலை ஒழுக்கக் கோலால் மட்டும் அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வஹிதாவின் மணவறை அச்சத்தை அது அவசரப்படாமல் எழுதுகிறது. கையோங்காத வன்முறையும் உடம்பில் தங்குமென்று அதைப் படித்தே உணர்ந்தேன். ஆனால் பிர்தவ்ஸின் கதை தாய் கொடுக்கும் நஞ்சில் முடிகிறது. சாரா அபூபக்கரின் 'சந்திரகிரி ஆற்றங்கரையில்' நாவலின் நாதிராவும் நீரில் மாள்கிறாள். மரணம் வாசகனை உலுக்கும், உண்மைதான். பெரும்பாலான பெண்களோ சாவதில்லை. நோயோடு இருபது முப்பது வருடம் வாழ்கிறார்கள். அந்த வருடங்களை யார் எழுதுவது?

உடப்புசல்லாவையில் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் ஒப்பமிட வரும் தாய்மாரைக் காண்பவன் நான். ஓயாத தலையிடி, நித்திரையின்மை, அடிவயிற்று நோவு, கலைந்த கரு. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கிடைக்கும். கண்ணூறென்று தண்ணீர் ஓதிக் கொடுப்பாரும் உண்டு. கொழுந்துக் கூடையின் பாரம், மலைக் குளிர் என்று காரணங்களும் தயார். (பாரம் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை.)

துணைவனின் வன்முறைக்குள்ளான பெண்ணுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு, எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 வீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இலங்கையில் 2019இல் நடந்த பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர். 2005இன் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' இருக்கிறது. தலையிடிக்கு மருந்து கேட்பவளிடம் வீட்டு நிலைமையையும் யாராவது கேட்டால்தான் அவள் அங்கே போய்ச்சேர்வாள்.

பழைய அடிக்காக இன்று கிளினிக் வரிசையில் நிற்கும் ஒருத்தியின் காலைப்பொழுதே ஒரு சிறுகதைக்குப் போதும். கணவன் அதில் வராமலே இருக்கலாம். அட்டையில் தாதி எதை எழுதுகிறாள், இவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று கவனித்து எழுதக்கூடியவர்கள் நம்மிடையே, முக்கியமாக நம் பெண் எழுத்தாளர்களிடையே, இருக்கிறார்கள்.