தோட்டத்திற்கு வந்த தாலாட்டு

திரைப்பாட்டை இலக்கியமென ஒப்புக்கொள்ளத் தமிழாசிரியர்களாகிய நாம் தயங்குகிறோம். நானும் நெடுநாள் தயங்கியவனே. பயிற்சி முடித்துக் குளுவாங் வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றில் சேர்ந்த புதிதில், வகுப்பில் சினிமாப் பாட்டை முணுமுணுத்த சிறுவன் ஒருவனை எழுந்து நிற்க வைத்தேன். அவன் பாடியது 'பாசமலர்' படத்துத் தாலாட்டு. தம்பியைச் சேலைத் தொட்டிலில் இட்டு ஆட்டும்போது, பாட்டி சொல்லிக்கொடுத்த பழந்தாலாட்டுகளின் நடுவே என் தாயார் பாடியதும் அதுவே. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று நான் அறிந்ததில்லை. அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் அது நினைவுக்கு வந்தது.

1961இல் வெளிவந்த அப்படத்திற்கு இசையமைத்தவர்கள் விசுவநாதனும் இராமமூர்த்தியும். பாட்டை எழுதியவர் கண்ணதாசன். பி. சுசீலாவும் டி.எம். சௌந்தரராசனும் பாடினர். நாட்டுப்புறத் தாலாட்டின் பெருமையெல்லாம் தாய்மாமனைச் சுற்றியே நிற்கும். அவன் கொண்டுவரும் சீரைச் சொல்லாமல் தாய் பாட்டை முடிக்கமாட்டாள். கண்ணதாசன் அம்மரபைக் குலைக்கவில்லை. ஆனால் படத்தில் அண்ணனும் தங்கையும் பிரிந்து வாழ்கிறார்கள். ஆகவே வழக்கமாகச் சொல்லப்படும் மாமன் புகழ், இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாத ஏக்கமாகிவிடுகிறது. புதுப்பொருள் எதையும் தேடாமல், பழைய சொல்லை வேறோர் இடத்தில் வைத்ததே கவிஞரின் திறம்.

தொடக்கத்து உவமைகளையும் நோக்குக. முழுதும் விரியாத பூ, முழுதும் புலராத பொழுது. நகரத்து ரசிகருக்கு இவை அழகிய கற்பனை. எங்கள் லயத்துப் பெண்களுக்கோ அந்தப் புலராப் பொழுது நாள்தோறும் கண்டது. பெரட்டுக்கு மணியடிக்குமுன், உறங்கும் குழந்தையைத் தோளில் இட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். குழந்தை கண்விழிக்கும்போது தாய் அருகில் இருப்பதில்லை. கண்ணதாசன் இதை எண்ணி எழுதவில்லை என்பது வெளிப்படை. ஆயினும் பாட்டு அங்கே போய்ப் பொருந்திக்கொண்டது. (அத்தோட்டத்தில் இன்று லயங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது.)

இசையமைப்பாளர்களுக்கு உரிய பங்கை நாம் கொடுப்பதில்லை. மெட்டு சொல்லை நெருக்கவில்லை. நெடில் வரும் இடத்தில் குரல் நீளவும், சொல் முடியும் இடத்தில் மூச்சு நிற்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். எழுத்தறியாத என் தாயார் ஒரு சொல்லும் சிதையாமல் பாடியதற்கு அதுவே காரணம். இப்பாட்டை மெட்டின்றி ஏட்டில் படித்தால் பாதி போய்விடும் என்பதே என் எண்ணம்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அப்படியல்லர். 1930இல் பிறந்து 1959இல் இருபத்தொன்பதாம் வயதில் மறைந்த அவருடைய பாட்டுகள் ஏட்டிலும் நிற்கும். அவர் மறைந்தபின் வெளிவந்த 'அரசிளங்குமரி'யில் சிறுவனுக்குச் சொல்லும் அறிவுரைப் பாட்டை எங்கள் தோட்டத்து இளைஞர்கள் மேடைகளில் பாடினர். கூலி, உழைப்பு என்ற பேச்செழுந்தால் அவர் பாட்டைத்தான் துணைக்கு அழைத்தனர். பொதுவிடத்தில் பட்டுக்கோட்டையார், வீட்டிற்குள் கண்ணதாசன் என்று நான் சொல்வதுண்டு. கண்ணதாசன் பாட்டில் குறையும் உண்டு. மிகுதியாக எழுதியவர், மெட்டின் வெற்றிடத்தை நிரப்ப நிலவையும் மலரையும் அடிக்கடி கூப்பிட்டார். 1965இல் இசையிரட்டையர் பிரிந்தபின் விசுவநாதனோடு அவர் ஆக்கியவற்றில் சிறந்தவை பலவெனினும், அந்தத் தாலாட்டுக்கு ஈடாக ஒன்றை என்னால் சொல்ல இயலவில்லை. 1981இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்றும் எனக்குள் ஒலித்தது அதுதான்.

சில ஆண்டுகள் கழித்து, வீட்டில் பாடும் தாலாட்டைக் கேட்டு எழுதிவருமாறு மாணவரிடம் சொன்னேன். பதினொரு பேர் எழுதிவந்தனர். நான்கு தாள்களில் 'பாசமலர்' வரிகள் பழம்பாட்டோடு கலந்திருந்தன. ஒரு சிறுமியின் தாளில், குளுவாங் கடைத்தெருவிலிருந்து மாமன் வாங்கிவரும் சீர் ஒரு மிதிவண்டியாக இருந்தது. கேட்டால், அது அவள் அம்மா சேர்த்தது என்றாள். நான் நிற்க வைத்த அந்தச் சிறுவனுக்கு இதைக் காட்ட விரும்பினேன். அவன் குடும்பம் அதற்குள் தோட்டத்தைவிட்டுப் போயிருந்தது.