நாற்பது – பதினைந்து

டென்னிஸ் ரசிகர்களின் சண்டைகளில் நான் ஆசையாகக் காது கொடுப்பது ஒன்றுக்குத்தான்: 2019 விம்பிள்டன் இறுதியாட்டம். ஃபெடரரா, ஜோகோவிச்சா என்று பொதுவாகத் தொடங்கினால் அது வெறும் கட்சிச் சண்டை. விஷயம் தெரிந்தவர்கள் நேராக ஐந்தாவது செட்டுக்குப் போவார்கள். எட்டுக்கு ஏழு, ஃபெடரர் சர்வீஸ், நாற்பது – பதினைந்து. கோப்பைக்கு இரண்டு வாய்ப்புகள்.

முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. அதில் பேச அதிகமில்லை. இரண்டாவதில்தான் ருசி. ஃபெடரர் பந்தை ஜோகோவிச்சின் ஃபோர்ஹேண்ட் பக்கம் அடித்துவிட்டு வலையை நோக்கி ஓடினார்; பந்து குறுக்கே அவரைத் தாண்டிப் போனது. "பேக்ஹேண்ட் பக்கம் அடித்திருக்க வேண்டும்" என்பார் ஒருவர். "உலகத்திலேயே சிறந்த பேக்ஹேண்டுக்கா?" என்பார் மற்றவர். கையில் மட்டை இல்லாமலே இருவரும் அந்தப் பந்தை ஆடிக் காட்டுவார்கள்.

பிறகு கணக்கு வரும். மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கூடுதலாக எடுத்தவர் தோற்றார்! ஃபெடரர் ரசிகருக்கு இது ஆறுதல். எதிராளிக்கோ இதுவே ஆயுதம். மூன்று டைபிரேக்கையும் வென்றது ஜோகோவிச் அல்லவா? கடைசி டைபிரேக் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டில் வந்தது. அந்த விதியே அந்த ஆண்டுதான் விம்பிள்டனில் புதிது. இது நினைவுக்கு வந்ததும் சண்டை விதிப் பக்கம் திரும்பிவிடும். ஆட்டம் முடிந்தது 4 மணி 57 நிமிடத்தில்.