இரவல் வாங்காத குரல்

தமிழ்ப் படங்களைத் தரம் பிரிக்க நமக்குத் தெரிந்த கணக்குகள் இரண்டு. எத்தனை நாள் ஓடியது என்பது ஒன்று. யார் கதாநாயகன் என்பது மற்றது. இரண்டிலும் பி. பானுமதிக்கு இடமில்லை. 'மதுரை வீரன்' எம்.ஜி.ஆர். படம். 'அம்பிகாபதி' சிவாஜி படம். 'ரங்கோன் ராதா' அண்ணாதுரையின் கதை, கருணாநிதியின் வசனம். பானுமதி இவற்றிலெல்லாம் உடன் நடித்தவர், அவ்வளவுதான். விமர்சகர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் சிறு கூட்டத்துக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. பாட்டு எவ்வளவு குறைவோ படம் அவ்வளவு உயர்வு என்பது அது. ஃபிலிம் சொஸைட்டிகளில் சத்யஜித் ராயைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏற்படுத்தியது. அதே ராய் 1969-ல் பாட்டும் கூத்துமாக 'கூப்பி கைன் பாகா பைன்' எடுத்தார் என்பதை இவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். இந்தக் கணக்கிலும் பானுமதி அடிபட்டுப் போகிறார். பாடாத பானுமதி என்று ஒருவர் இல்லையே.

எனக்குத் தோன்றுவது வேறு. பாட்டு தமிழ் சினிமாவின் வியாதி அல்ல. பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் இன்னொருவர் என்றானதுதான் வியாதி. அந்த வியாதி தொடாத கதாநாயகி என்ற ஒரே காரணத்துக்காகவே பானுமதியின் படங்களைத் தனியாக எடுத்து வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும்.

பின்னணிப் பாட்டுக்கு ஆரம்ப காலத்தில் 'இரவல் குரல்' என்று பெயர். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் அது தமிழுக்கு வந்தது. பின்னணி என்ற கௌரவமான சொல் பிறகு வந்து உண்மையை மூடிவிட்டது. சேர்வராயன் மலையில் இருக்கிறவர்களுக்கு இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். மலையடிவாரத்தில், சேலத்திலிருந்து ஏற்காடு வரும் ரோட்டில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. இன்று முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பி.யு. சின்னப்பா தன் குரலிலேயே பாடி நடித்த 'உத்தமபுத்திரன்' (1940) அந்த ஸ்டூடியோவின் படம். பத்து வருஷம் கழித்து அதே ஸ்டூடியோ 'மந்திரி குமாரி' (1950) எடுத்தபோது, மலை உச்சிக்குக் கூட்டிப்போகும் அந்தப் பிரசித்தமான பாட்டில் திரையில் தெரிபவர்கள் எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும். பாடுகிறவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். ஸ்டூடியோவின் முதலாளி டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்தவர். நூற்பது ஒருவர், நெய்வது ஒருவர், சாயம் தோய்ப்பது ஒருவர் என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அப்படித்தான் நெய்யப்பட்டன. இது சுந்தரத்தின் குற்றம் என்று சொல்லவில்லை. எல்லா ஸ்டூடியோக்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. ஹாலிவுட்டும் வந்துவிட்டது.

மலையில் சினிமா முதலில் காதுக்கு வந்த விஷயம். காபித் தோட்டத்து லயன்களிலும் டீக்கடைகளிலும் ரேடியோதான் கொட்டகை. அகில இந்திய வானொலியின் 'ஒலிச்சித்திரம்' கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். முகம் இல்லாமல் படத்தைக் கேட்கும்போது ஒரு விபரீதம் நடக்கும். கதாநாயகி பேசிக்கொண்டிருப்பாள். வாத்தியம் ஆரம்பிக்கும். உடனே அவள் போய்விடுவாள். அவள் இடத்தில் வேறு ஒரு பெண் வந்து பாடிவிட்டுப் போவாள். திரையில் முகம் இந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. ரேடியோவில் அடைக்க எதுவும் இல்லை. பானுமதி படங்களில் மட்டும் அந்த ஓட்டை இல்லை. பேசிக்கொண்டிருந்தவளே பாடுவாள். பேச்சில் இருந்த அலட்சியம், மூக்கோடு ஒட்டிய அந்தக் கிண்டல், பாட்டிலும் இருக்கும். கே.பி. சுந்தராம்பாளும் எஸ். வரலட்சுமியும் தம் குரலிலேயே பாடினார்கள், உண்மை. ஆனால் பிற்காலத்தில் சுந்தராம்பாளுக்கு நம் சினிமா கொடுத்தது பெரும்பாலும் பக்தியும் துறவும்தான். காதலும் கோபமும் கேலியும் உள்ள ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்துகொண்டே, சொந்தக் குரலில் கடைசி வரை நின்றவர் பானுமதி.

அவருடைய தெலுங்குப் படங்களை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. 'மல்லீஸ்வரி'யை (1951) எங்கே வைப்பது என்று தெலுங்குக்காரர்கள் சொல்லட்டும். 'ஸ்வர்க்க சீமா' (1945) பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதில் புறாவை அழைத்து அவர் பாடும் பாட்டு, ரீட்டா ஹேவொர்த் நடித்த 'பிளட் அண்ட் சாண்ட்' (1941) படப் பாட்டின் சாயல் கொண்டது என்பது பலரும் அறிந்த சங்கதி. ஹேவொர்த்தின் பாட்டுக் குரல் பெரும்பாலும் இரவல். இரவல் குரலில் கேட்ட மெட்டைச் சொந்தக் குரலாக்கிய இடத்தில் பானுமதியின் சரித்திரம் தொடங்குகிறது.

இனி வரிசை. கீழிருந்து மேலே போகிறேன்.

ஏழாவது, 'மதுரை வீரன்' (1956). ஓட்டக் கணக்கில் இது முதலில் வரக்கூடிய படம். பொம்மி அரண்மனைப் பெண். வீரனோடு சேர்ந்ததும் அவள் வேலை முடிந்துவிடுகிறது. பத்மினியின் வெள்ளையம்மாள் வந்த பிறகு பொம்மிக்கு மிஞ்சுவது காத்திருப்பது ஒன்றே. காத்திருக்கிற பெண்ணாக நடிக்கப் பானுமதிக்குத் தெரியாது. அது அவர் குறையா, நம் கதைகளின் குறையா என்று யோசிக்கலாம்.

ஆறாவது, 'மலைக்கள்ளன்' (1954). பழைய சேலம் ஜில்லாக்காரரான நாமக்கல் கவிஞரின் நாவல். ஆனால் படத்தில் மலை என்பது கள்ளனுக்கு ஒரு ஒளிவிடம், வேறொன்றுமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் யாரும் அதில் கிடையாது. பூங்கோதை கடத்தப்படுகிறாள், மீட்கப்படுகிறாள், மறைந்து நிற்கிறவனைக் காதலிக்கிறாள். வேறு யார் நடித்தாலும் பொம்மையாகிவிடக்கூடிய பாத்திரம். இதற்கு அத்தாட்சி தேவையென்றால் இதே கதையின் இந்தி வடிவமான 'ஆஸாத்' (1955) இருக்கிறது. அங்கே மீனாகுமாரி நடித்தார். லதா மங்கேஷ்கர் பாடினார். இருவரும் பெரிய கலைஞர்கள். ஆனால் இரண்டு பேர். பூங்கோதை ஒருத்தி.

ஐந்தாவது, 'நாடோடி மன்னன்' (1958). மதனாவாகக் கதாநாயகனின் பின்னாலேயே நடந்து, கூட வரட்டுமா என்று கேலியும் கெஞ்சலுமாகப் பாடுகிறார். எம்.ஜி.ஆர். படங்களில் எம்.ஜி.ஆரைப் பார்த்துச் சிரிக்க உரிமை பெற்ற பெண்கள் மிகக் குறைவு. இங்கே அந்த உரிமை முழுசாகப் பானுமதியிடம் இருக்கிறது. பாதியில் மதனா இறந்துபோகிறாள். அதன் பின்கதை சினிமாப் பத்திரிகைகளுக்கு உரியது. நமக்கு வேண்டியது திரையில் நடப்பது. கறுப்பு வெள்ளையில் பானுமதி போகிறார்; படம் வர்ணத்துக்கு மாறுகிறது; சரோஜாதேவி வருகிறார், பாட்டுக்கு வேறொருவர் குரலோடு. தமிழ் சினிமாவில் ஒரு யுகம் எப்படி மாறியது என்பதை ஒரே படத்துக்குள் பார்க்க விரும்புகிறவர்கள் இதைப் பார்க்கலாம்.

நான்காவது, 'அம்பிகாபதி' (1957). கதை நமக்குத் தெரியும். சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாட வேண்டும். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, முடிந்தது என்று வெளியே வருகிறாள். அவளைப் பார்த்ததும் அவன் பாட்டில் காதல் வந்துவிடுகிறது. திரையில் பாடுகிற சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன் குரல். கேட்டு எண்ணுகிற பானுமதிக்குத் தன் குரல். பாடத் தெரிந்தவள் கேட்கிறவளாக இருக்கிறாள், பாடாதவன் பாடுகிறவனாக இருக்கிறான். இந்த முரணை டைரக்டர் ப. நீலகண்டன் உணர்ந்திருந்தால் இது வேறு படமாகியிருக்கும். உணரவில்லை. ஆனாலும் ஜி. ராமநாதனின் இசையில் அவர் பாடியவை அவருடைய பாட்டுகளில் ஆகச் சிறந்தவற்றுள் சேரும்.

மூன்றாவது, 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). தமிழின் முதல் முழுநீள வர்ணப்படம், மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, டைரக்‌ஷன் சுந்தரமே. இலக்கிய அந்தஸ்து எதுவும் இல்லாத சந்தைப் படம்தான். ஆனால் மர்ஜியானா ஆட்டக்காரி; பாடுவது அவள் பிழைப்பு. ஏன் திடீரென்று பாடுகிறாள் என்ற கேள்வியே எழுவதில்லை. அவருக்கும் எம்.ஜி.ஆருக்கும் உள்ள காதல் பாட்டைக் கவனியுங்கள். எம்.ஜி.ஆரின் வாயிலிருந்து ஏ.எம். ராஜாவின் மென்மையான குரல் வருகிறது. திரையில் இரண்டு பேர், பாட்டில் மூன்று பேர். அந்த மூவரில் முழு ஆளாக இருப்பது பானுமதி ஒருவரே. நம் சினிமா முழுக்க ஆணே முழுசு, பெண் பாதி என்றிருக்கையில், இந்தப் பாட்டில் கணக்குத் தலைகீழாகிறது. அதே 1956-ல் ஹாலிவுட்டின் 'தி கிங் அண்ட் ஐ' வெளிவந்தது. டெபரா கெர் வாயசைக்க, மார்னி நிக்சன் பாடினார். டைட்டிலில் நிக்சனின் பெயர்கூடப் போடப்படவில்லை. அங்கே ஜூடி கார்லண்டைச் சுற்றி எத்தனையோ புத்தகங்கள். 'எ ஸ்டார் இஸ் பார்ன்' (1954) படத்தில் காமிரா வெட்டே இல்லாமல் ஒரு முழுப் பாட்டுக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாடுகிறவளின் முகம் அது என்பதால் காமிராவுக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. அந்த மரியாதையைப் பானுமதிக்குத் தமிழ்க் காமிரா ஒருபோதும் முழுசாகச் செய்யவில்லை.

இரண்டாவது, 'அன்னை' (1962). ஏவி.எம். படம், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன், வங்காளப் படமொன்றின் தழுவல். தங்கையின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கும் பெண். தமிழ்ப் படத் தாய் என்றாலே கண்ணீரும் மன்னிப்பும்தான். இந்தத் தாய் மன்னிப்பதில்லை. பிள்ளையை விட்டுக்கொடுக்க மறுக்கிறாள். அன்பு பிடிவாதமாகி, பிடிவாதம் கொடுமையாகிறது. பானுமதி எப்போதும் பானுமதியாகவே இருக்கிறார், பாத்திரமாக மாறுவதில்லை என்பது அவர்மீது உள்ள பழைய குற்றச்சாட்டு. கமகங்களைக் காட்டாமல் ஒரு வரியையும் விடமாட்டார் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்தப் படத்தில் அவருடைய ஆணவமே பாத்திரத்தின் ஆணவம். பாட்டிலும் அலங்காரம் உதிர்ந்துவிடுகிறது. வயசு தெரிகிறது, மூச்சு தெரிகிறது. இரவல் குரலுக்கு வயசாவதில்லை. நாயகிக்கு நாற்பதானாலும் குரல் பதினாறிலேயே நிற்கும். இங்கே உடம்போடு குரலும் சேர்ந்து மூத்திருக்கிறது.

முதலாவது, 'ரங்கோன் ராதா' (1956). டைரக்‌ஷன் ஏ. காசிலிங்கம். மச்சினியையும் சொத்தையும் அடைய நினைக்கும் கணவன், மனைவி ரங்கத்துக்குப் பேய் பிடித்திருக்கிறது, புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைக்கிறான். ஹாலிவுட்டின் 'கேஸ்லைட்' (1944) இதன் பின்னால் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பேய் என்பது நம் ஊர்ச் சரக்கு, அங்கே கிடையாது. பேய் பிடித்தவள் என்றால் என்ன அர்த்தம்? அவள் வாயிலிருந்து வருவது அவள் குரல் இல்லை என்று அர்த்தம். அவள் என்ன சொன்னாலும் அது வேறு யாரோ சொல்வது. தன் குரல் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு பெண்ணுக்கு வழியே இல்லாமல் செய்துவிடுகிற ஏற்பாடு இது. திரையில் தெரியும் பெண்களின் பாட்டெல்லாம் வேறு யாரோ பாடுவதாக ஆகிவிட்டிருந்த ஒரு காலத்தில், சொந்தக் குரல் உள்ள நடிகை ஒருத்தி வந்து, இது என் குரல் என்று கதறும் பாத்திரத்தில் நிற்கிறாள். திட்டம் போட்டுச் செய்ததல்ல. செய்தவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இதே படத்தில்தான் பெண் குழந்தையைப் பள்ளிக்கூடம் போகச் சொல்லும் பாரதிதாசனின் பாட்டை அவர் பாடுகிறார். மேடைப் பிரசாரமாகப் போயிருக்கக்கூடிய பாட்டு. பேச்சில் நாம் ஏற்கெனவே கேட்டுப் பழகிய ரங்கத்தின் குரலே அதைப் பாடுவதால், ஒரு தாய் சொல்வதாக நிற்கிறது. சிவாஜியின் நடிப்பைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நல்ல நடிப்புதான். ஆனால் படத்தை நம்பவைப்பது ரங்கத்தின் குரல்.

ஒரே வருஷத்துப் படங்கள் மூன்று இந்த வரிசையில் முதலாவதாகவும் மூன்றாவதாகவும் ஏழாவதாகவும் வந்திருக்கின்றன. நடிகை ஒருவரே. படம் அந்தக் குரலுக்கு என்ன வேலை கொடுத்தது என்பதில்தான் வித்தியாசம்.

பானுமதி 2005-ல் காலமானார். அதற்கு வெகு முன்பே தமிழ் சினிமா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. பாட்டு மட்டும் இரவலாக இருந்தது போக, கதாநாயகிகள் பலருக்குப் பேச்சும் இரவலாயிற்று. முகம் ஓரிடத்தில் வாங்கப்படுகிறது, பேச்சு ஓரிடத்தில், பாட்டு இன்னோரிடத்தில். இதை யதார்த்தம் என்று எழுதுகிற விமர்சகர்கள், பாட்டு இல்லாத படம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் செய்கிறார்கள். பாட்டை எடுத்துவிட்டீர்கள், சரி. பேசுகிறவள் யார் என்று கேட்டீர்களா?