தீயணைப்பு அதிகாரிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆரணியில் எங்கள் சித்தப்பா வீட்டில் இன்னும் இரண்டு தறி ஓடுகிறது. அதில் ஒரு தறிக்குப் பக்கத்துச் சுவர் மேலே கருத்துப்போயிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாடி ஒரு ராத்திரி, ஜக்கார்டைத் தூக்கும் மோட்டாருக்குப் போகிற ஒயரில் பொறி தட்டி, தொங்கிக்கொண்டிருந்த டிசைன் அட்டைகள் பற்றிக்கொண்டதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மெயினை இறக்கிவிட்டு, மணலும் ஈரச் சாக்குமாகப் போட்டு அணைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தறியிலிருந்த பாவு பாதி போய்விட்டது.

"101-க்கு போன் பண்ணலையா சித்தப்பா?"

"வண்டி நம்ம தெருவுல எங்கடா திரும்பும்? முனையிலதான் நிக்கும். அதுக்குள்ள நாங்களே அணைச்சிட்டோம்."

"சரி, அதுக்கு முன்னாடி யாராவது வந்து இந்த ஒயரிங்கைப் பார்த்திருக்காங்களா?"

"யாரு வருவா? ஈ.பி.காரர் மீட்டர் பார்க்க வருவாரு. முனிசிபாலிட்டில இருந்து வீட்டு வரிக்கு வருவாங்க. ஃபயர் சர்வீஸ் எரிஞ்சாதான் வரும்."

அந்தக் கடைசி வாக்கியம் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. பெங்களூர் திரும்பினதும் சட்டம், ஆள்சேர்ப்பு அறிவிக்கை, கட்டட விதி என்று கிடைத்ததையெல்லாம் மூன்று வாரம் படித்தேன். சித்தப்பா சொன்னது ஒரு தனி மனிதரின் அலுப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை, நம் தீயணைப்பு அமைப்பே அந்த வாக்கியத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பட்டு அவ்வளவு சீக்கிரம் எரியாது

முதலில் ஒரு சின்ன விளக்கம். பட்டு நெசவு ஊர் என்றால் தீ ஆபத்து பட்டில்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பட்டு, முடி மாதிரி ஒரு புரத இழை. சுத்தப் பட்டா என்று பார்க்க ஒரு நூலைக் கொளுத்தி மோந்து பார்ப்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடி கருகும் வாசனை வரும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி அப்படியில்லை, மளமளவென்று பிடிக்கும்.

ஆகவே ஆபத்து பட்டைச் சுற்றி இருக்கிறது: அடுக்கடுக்கான ஜக்கார்டு அட்டை, பழைய ஒயரிங்கில் புதிதாகச் சேர்த்த மோட்டார், சாயம் போடும் இடத்து விறகு அடுப்பு, புடவை மடிக்கும் அட்டைப்பெட்டி, அதே கூரைக்குக் கீழே சமையல் கேஸ். இதைக் கண்டுபிடிக்க வீட்டுக்குள் வந்து பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

ஊருக்கு ஒரு தலைவர்

அமெரிக்காவில் ஆன்சைட்டில் இருந்தபோது கவனித்த விஷயம். ஆரணியைவிடச் சின்ன ஊருக்குக்கூட ஃபயர் சீஃப் என்று ஒருவர் இருப்பார். நகர நிர்வாகத்துக்குப் பதில் சொல்வார். அந்தப் பதவிக்கான தகுதியை வரையறுக்க என்எஃப்பிஏ 1021 என்ற தரம் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருந்தது. அதில் தீயணைப்பு அதிகாரிக்கு நான்கு நிலைகள். முதல் நிலைக்கே, வீரராகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அந்த முதல் நிலையின் கடமைகள் ஆறு தலைப்புகளில் வரும்: ஆள் நிர்வாகம், மக்களோடும் அரசோடும் உறவு, அலுவலக நிர்வாகம், ஆய்வும் புலனாய்வும், அவசரகாலப் பணி, பணியாளர் பாதுகாப்பு. எண்ணிப் பாருங்கள். நேரடியாகத் தீயை அணைப்பது ஆறில் ஒன்று.

அமெரிக்காவைத் தூக்கி வைக்க இதைச் சொல்லவில்லை. அங்கே தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையோர் தன்னார்வலர்கள், அந்தத் தரமும் எல்லா ஊரிலும் கட்டாயமில்லை. ஆனால் "இந்தப் பதவிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்" என்ற கேள்வியை யாரோ உட்கார்ந்து எழுதி, பதிலும் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 1992-ல் நிறைவேறிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகராட்சிகளுக்குக் கொடுக்கத்தக்க 18 பணிகளின் பட்டியல் அது. ஏழாவது, தீயணைப்புப் பணி. மும்பை மாதிரி சில மாநகராட்சிகளிடம் அது ஏற்கெனவே இருந்தது. தமிழ்நாட்டில் இன்றுவரை அது மாநில அரசின் துறை. ஆரணியில் நிலையம் உண்டு, நிலைய அலுவலர் உண்டு. அவர் நகராட்சிக்குப் பதில் சொல்பவர் இல்லை. அவருக்கு மேலே மாவட்ட அலுவலர், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலையில்.

நான்கு வாசல்கள்

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குள் நுழைய நான்கு வாசல்கள்.

முதல் வாசல், தீயணைப்பாளர். பத்தாம் வகுப்பு. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலரோடு சேர்த்து ஒரே தேர்வு.

இரண்டாவது, நிலைய அலுவலர். ஏதாவது ஒரு பட்டம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-ல் வெளியிட்ட அறிவிக்கையில் 621 காவல் உதவி ஆய்வாளர் இடங்களும் 129 நிலைய அலுவலர் இடங்களும் ஒன்றாக வந்தன. ஒரே தேர்வு, ஒரே மைதானம்.

மூன்றாவது, மாவட்ட அலுவலர். டிஎன்பிஎஸ்சி குரூப் 1. துணை ஆட்சியர், டிஎஸ்பி பதவிகளுக்கு எழுதும் அதே தேர்வு.

நான்காவது, இயக்குநர். இந்த நாற்காலியில் பல ஆண்டுகளாக உட்காருவது ஐபிஎஸ் அதிகாரி.

நான்கு வாசலிலும் தீயைப் பற்றிக் கேள்வியே கிடையாது. நாக்பூரில் மத்திய அரசின் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரி 1950களிலிருந்து இருக்கிறது, அங்கே ஃபயர் இன்ஜினியரிங்கில் பி.ஈ. படிக்கலாம். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப் பொறியியலில் பி.டெக். உண்டு. அதை நான்கு வருஷம் படித்து வந்தவரும், என்னை மாதிரி வேறு எதையோ படித்துவிட்டுக் கோட் எழுதப் போனவரும் நிலைய அலுவலர் தேர்வுக்கு ஒரே தகுதிதான். படித்தவர்கள் சுத்திகரிப்பு ஆலைக்கும் வளைகுடாவுக்கும் போவதில் ஆச்சரியம் என்ன?

இதற்கு நியாயமான மறுப்புகள் உண்டு. தேர்வுக்குப் பிறகு தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது, நாக்பூருக்கும் அனுப்புகிறார்கள். வேலைக்கு உடல் பலமும் துணிச்சலும் வேண்டும், அதைச் சோதிக்கத்தான் வேண்டும். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத் தீயில் ஒரு வீரர் உயிரை விட்டார். அங்கே உள்ளே போய்த் தீக்காயம் பட்ட பிரியா ரவிச்சந்திரன் குரூப் 1 வழியாக வந்த அதிகாரி. அந்தத் துணிச்சலை நான் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனால் பாருங்கள், அதே பிரியா ரவிச்சந்திரன் பிறகு ஐஏஎஸ் அந்தஸ்து பெற்றார். செய்தித்தாள்கள் அதைப் பெருமையாக எழுதின, பெருமைதான். எனக்குத் தோன்றியது வேறு. ஒரு துறையின் அனுபவசாலிக்கு அதன் உச்சி நாற்காலி எட்டாது, ஆனால் இன்னொரு பணியின் கதவு திறக்கும் என்றால், அந்தத் துறையைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம்?

எரியும்போது ராஜா, எரியும் முன்?

1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டத்தைப் படித்தால், தீ பிடித்த இடத்தில் அதிகாரிக்குக் கிடைக்கும் அதிகாரம் பிரமிக்க வைக்கும். தெருவை மூடலாம், ஆட்களை அப்புறப்படுத்தலாம், கதவை உடைக்கலாம், கட்டடத்தை இடிக்கலாம். எரியும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் ராஜா.

எரியாத மீதி நாட்களில்? சட்டத்தில் முன்தடுப்பும் உரிமமும் உண்டு, ஆனால் குறிப்பிட்ட வகை இடங்களுக்கு. கட்டட விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம், அங்கே தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயம். கொசப்பாளையத்தில் அந்த உயரத்தில் எந்த வீட்டைப் பார்த்தீர்கள்?

அடுத்த சிக்கல் வகைப்பாடு. தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, கட்டடங்களைப் பயன்பாட்டை வைத்து ஏ முதல் ஜே வரை பிரிக்கிறது. ஏ குடியிருப்பு, எஃப் வணிகம், ஜி தொழிலகம், எச் கிடங்கு. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் தறி ஓடுவதால் அது ஜி. பரணில் நூலும் அட்டையும் இருப்பதால் எச். முன் அறையில் இரண்டு பேருக்குப் புடவை காட்டினால் எஃப். ராத்திரி பேரப்பிள்ளைகள் தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பதால் ஏ. பலவகைப் பயன்பாட்டுக் கட்டடத்துக்கு விதியில் வழி உண்டு. ஆனால் இது எந்த மாதிரி வீடு என்று முடிவு பண்ண, புத்தகமும் தெரிந்த, தறியும் பார்த்த ஒருவர் வாசலுக்கு வர வேண்டும். பொது அறிவுத் தேர்வும் ஓட்டப்பந்தயமும் அந்த ஆளைத் தேர்ந்தெடுத்துத் தராது.

ஜனவரியும் ஜூலையும்

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு 2004ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த வருஷம் ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் பற்றி எரிந்தது. மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்தது. 94 குழந்தைகள்.

நடுவில் ஆறு மாதம். இரண்டு ஊருக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

என் தொழிலில் ஒரு சர்வர் விழுந்தால், எழுப்பி நிறுத்தின அடுத்த நாள் போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். ஏன் விழுந்தது, இதே ஓட்டை வேறு எங்கெல்லாம் இருக்கிறது, யார் எப்போதுக்குள் அடைக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் பிறகு, கூட்டம் கூடுகிற இடத்தில் கீற்று எங்கெல்லாம் இருக்கிறது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுப்பது யாருடைய வேலையாக இருந்திருக்க வேண்டும்? அந்தந்த ஊரின் தீயணைப்பு அதிகாரி என்று நான் சொல்வேன். கும்பகோணம் வழக்கில் பள்ளி நிர்வாகத்தோடு கல்வித் துறை, நகராட்சி அலுவலர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கும் நடவடிக்கை பெரிய அளவில் நடந்தது அதற்குப் பிறகுதான். 94 பேர் விலை கொடுத்த பிறகு.

நகராட்சியிடம் கொடுத்தால் சரியாகுமா?

நானும் முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ராஜ்கோட் என்னை நிறுத்தியது. அங்கே தீயணைப்பு மாநகராட்சியின் கையில்தான், தலைமைத் தீயணைப்பு அதிகாரியும் உண்டு. 2024 மே 25 அன்று ஒரு விளையாட்டு அரங்கில் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். அரங்குக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. ஆகவே பெயர்ப்பலகையை மாற்றினால் போதாது. துறை யார் கையில் இருக்கிறது என்பதைவிட, "கூடாது" என்று சொல்லத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லும் அதிகாரமும், சொல்லாவிட்டால் கேள்வியும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரு பொதுஜனமாக நான் கேட்பது மூன்று.

ஒன்று, நிலைய அலுவலர் தேர்வில் ஒரு தாளாவது தீ, மின்சாரம், கட்டடம் பற்றி இருக்கட்டும். தீப் பொறியியல் படித்தவருக்குத் தனி இடம் இருக்கட்டும். தீயணைப்பாளராகச் சேர்ந்தவர் படித்து, தேறி, இயக்குநர் நாற்காலிவரை போக வழி இருக்கட்டும்.

இரண்டு, ஒவ்வொரு நகராட்சிக்கும் முன்தடுப்புக்கென்றே ஒரு அலுவலர். மாநிலத் துறையிலேயே இருக்கட்டும், ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை நகர்மன்றத்தில் வந்து, எந்தத் தெருவில் என்ன பார்த்தேன், எதை மாற்றச் சொன்னேன், எது மாறவில்லை என்று வாசிக்கட்டும். மகாராஷ்டிராவின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட உரிமையாளர்கள் தீத்தடுப்புச் சாதனங்கள் வேலை செய்கின்றன என்ற சான்றை வருஷத்தில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு முறை கொடுக்க வேண்டும். தறி வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் மறுபடி வந்து பார்ப்பது என்ற பழக்கம் வேண்டும். அதுவும் சீல் வைக்கவோ மாமூல் கேட்கவோ வருபவராக இருந்தால் ஒரு வீடும் கதவைத் திறக்காது. முதல் தடவை சொல்லிக் கொடுக்க வர வேண்டும்.

மூன்று, உயிர் போன ஒவ்வொரு தீக்கும் ஒரு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, தமிழில், எல்லோரும் படிக்கும்படி.

கிளம்பும் முன் சித்தப்பா வீட்டில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மோட்டாருக்குத் தனி ஒயரும், சரியான அளவு எம்.சி.பி.யும், மெயினில் ஆர்.சி.சி.பி.யும் போட்டோம். பழைய அட்டைகளை வேறு அறைக்கு மாற்றினோம். பிள்ளைகளின் பாய் வாசல் பக்கத்து அறைக்குப் போனது. இதெல்லாம் எனக்கு யார் சொன்னது? யூடியூப். பக்கத்து வீட்டில் மூன்று தறி, அதே ஒயரிங். அவருக்குச் சொல்ல பெங்களூரில் மருமகனோ மகனோ இல்லை.