உதவாத சீட்டும் உருப்படியான டெக்கும்

மேஜிக்: த கேதரிங் ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம், எதிராளி வருவதற்கு முந்தைய நேரம். சீட்டுகளைப் பாயில் பரப்பிவைத்து, எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று தனியே மல்லுக்கட்டும் அந்த இரவுகள்.

1993இல் வெளிவந்த இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அது ஆட்டத்திலும் தெரியும். ஒருவர் ஆடக் கொண்டுவரும் சீட்டுக்கட்டான டெக்கில் குறைந்தது 60 சீட்டு வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர எதையும் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. நான்கையும் வைத்தாலும், முதலில் கைக்கு வரும் ஏழு சீட்டில் அது ஒன்றாவது இருக்க 40 சதவீத வாய்ப்புதான். ஒற்றைச் சீட்டை நம்பி இறங்கினால் பாதி நாள் கைவிட்டுவிடும்.

1996இல் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில் பால் ஸ்லை ஆடிய சிவப்பு டெக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அதில் ‘அயர்ன்கிளா ஆர்க்ஸ்’ என்றொரு சீட்டு. அதை இறக்க விலை இரண்டு மானா; மானா என்பது நிலச் சீட்டுகள் தரும் சக்தி. அடியும் இரண்டு, தாங்குவதும் இரண்டு. அடி இரண்டோ அதற்கு மேலோ உள்ள எதையும் அதனால் மறிக்க முடியாது. காவலுக்கு ஆகாத இதை யார் சேர்ப்பார்கள்? ஆனால் இந்த டெக் காவலுக்கு நிற்பதே இல்லை, பாய்ந்துகொண்டே இருக்கும். அங்கே அந்தக் குறைக்கு வேலையே இல்லை.

முறைக்கு ஒரு நிலச் சீட்டுதான் இறக்கலாம். அதனால் முதல் முறைக்கு ஒரு மானா சீட்டு, இரண்டாவதற்கு இரண்டு மானா என்று, எந்த மானாவும் சும்மா கிடக்காதபடி விலைவாசி பார்த்துக் கட்டிய டெக் அது. எதிராளி குறுக்கே ஓர் ஆளை நிறுத்துகிறாரா? ஒரு மானாவுக்கு மூன்று அடி கொடுக்கும் ‘லைட்னிங் போல்ட்’ அவனைச் சாய்க்கும். வழி திறந்ததும் ஆர்க்ஸ் உள்ளே புகும். எதிராளியின் 20 உயிர்ப்புள்ளிகள் இரண்டிரண்டாகக் கரையும். விலை உயர்ந்த பெரிய சீட்டுகளைக் கையில் பிடித்தபடி அவர் நிலத்துக்குக் காத்திருப்பார்.

அந்தப் போட்டியில் ஸ்லைக்கு இரண்டாம் இடம். இந்த வகை டெக்குக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அதைக் கட்டியவர் ஜே ஷ்னைடர். ஸ்லை டெக்கைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.